வினாடிக்கு நாற்பத்தொரு டிகிரி

ஒரு குழந்தை வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் குழந்தையைப் பார்ப்பார்கள். நடக்கிறதா, பேசுகிறதா, தட்டில் போட்ட இட்லியைத் தானே பிய்த்துத் தின்கிறதா, ஒளித்து வைத்த செருப்பைத் தேடி எடுக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி, வளர்ந்துவிட்டது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். இது விஞ்ஞான முறை அல்ல. இதில் யாருக்கும் பதவி இல்லை, ஜீப் இல்லை, திறப்பு விழா இல்லை. ஆகவே மண்டல மழலை விழிவேக அளவீட்டு மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

மையம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பைபாஸ் ஓரமாக, யாரும் கல்யாணத்துக்கு எடுக்காமல் மூடிக் கிடந்த ஒரு மண்டபத்தில் இயங்கியது. 'நல்வரவு' என்ற விளக்குப் பலகையைக் கழற்றவில்லை. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ராஜா நாற்காலியையும் கழற்றவில்லை. அதற்கு எதிரே ஒரு திரையையும் திரைக்கு மேலே ஒரு கேமராவையும் வைத்தார்கள். அவ்வளவுதான் மையம்.

அதன் கோட்பாட்டை யாருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். கண் எவ்வளவு வேகமாகத் தாவுகிறதோ அவ்வளவு வளர்ச்சி. திரையில் ஒரு மஞ்சள் தேனீ இங்கும் அங்கும் தாவும். குழந்தையின் கண் அதன் பின்னால் தாவ வேண்டும். வினாடிக்கு நூற்றிருபது டிகிரிக்கு மேல் தாவினால் பச்சை அட்டை. அதற்குக் கீழே சிவப்பு. ஐந்நூறைத் தாண்டினால் தங்க அட்டை. ஐந்நூறைத் தாண்டும் குழந்தை உலகத்திலேயே இருக்காது என்று நம்பியதால், தங்க அட்டையில் மாதிரிக்கு ஒன்றே ஒன்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

சம்பத்துக்கு இந்த மையத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. அவன் தோல் பதனிடும் ஒரு டேனரியில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவன். முடிந்து வரும் தோலை விரித்துப் போட்டு, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கீறியது எங்கே, உரிக்கும்போது கத்தி பட்டது எங்கே என்று பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்க வேண்டும். அவன் மனைவி ஜோதி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். இரண்டு வயது பத்து மாதமான மகள் தமிழினி, ஜோதி வேலை செய்யும் கம்பெனியிலேயே இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் பகல் முழுக்க இருப்பாள். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் காப்பகக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து பச்சை அட்டையோ அதற்கு மேலோ இல்லாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. காப்பகத்தைக் கவனிக்கும் ஹலீமா பீ கையை விரித்தாள்.

"நான் இன்னாமா பண்றது? மேல எடத்துலருந்து ஆர்டரு. உன் பொண்ணு இங்க இருக்கிற எல்லாத்துக்கும் செருப்ப ஜோடி சேத்து வைக்கிறா. எனக்குத் தெரியாதா அவ வளந்துட்டான்னு? ஆனா என் பேச்ச எந்த அட்டைல எழுதுறது?"

அப்படித்தான் சம்பத் ஒரு சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

வாசலில் விதிமுறைகள் எழுதியிருந்தன. குழந்தை அழக்கூடாது. நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் இமைக்கக்கூடாது. கண்ணுக்கு மை தீட்டக்கூடாது. பெற்றோர் சோதனை முடியும்வரை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பெற்றோர் குழந்தையைப் பார்த்தால் குழந்தையும் பெற்றோரைப் பார்க்கும் அபாயம் உண்டு. சம்பத் டோக்கனைக் கொடுத்துவிட்டு, சமையல்காரர்கள் எண்ணெய்க் கை துடைத்த ஒரு சுவரைப் பார்த்து நின்றான். மெஷினை இயக்கியவன் வசந்த் என்ற இளைஞன். காதில் ஹெட்ஃபோன், கண் மானிட்டரில்.

தமிழினியை ராஜா நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தேனீ தாவியது. அவள் இரண்டு தாவல் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள். அங்கே ஒரு வெடிப்பு இருந்தது. குனிந்து, விரலை வைத்து, நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"ப்பா, இது தோலு இல்ல," என்றாள். "ரெக்சினு."

அவளுக்கு அது விளையாட்டு. சம்பத் வீட்டுக்குக் கொண்டுவரும் கழிவுத் துண்டுகளைத் தரையில் பரப்பி, எதில் உண்ணித் தழும்பு இருக்கிறது என்று அப்பாவும் மகளும் தேடுவார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பிஸ்கட். பெரும்பாலும் பிஸ்கட் அவளுக்குத்தான் போகும்.

பிரின்டர், கேமரா பிடித்த அவள் படத்தோடு ஒரு சிவப்பு அட்டையைத் துப்பியது. விழிவேகம்: வினாடிக்கு 41 டிகிரி. வளர்ச்சி வயது: ஒன்பது மாதம். பரிந்துரை: திட உணவை மெல்ல மெல்லத் தொடங்கலாம்.

தமிழினி அப்போது முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவ நல்லா பேசுவா சார்," என்றான் சம்பத். "இருவது வரைக்கும் எண்ணுவா. இப்ப கூட பேசுனாளே, நீங்க கேக்கலியா?"

"பேச்சு எங்க மெஷின்ல வராது சார். பேசறது நடக்கறதுலாம் பழைய மாடல்."

"ஒரே ஒரு நிமிஷம் நீங்களே பாருங்க சார் அவள."

வசந்த் மானிட்டரைப் பார்த்தான். "பாத்துட்டேன் சார். நாப்பத்தொண்ணு."

   மேல்முறையீட்டுக்கு 'இ' படிவம் என்று ஒன்று இருக்கிறது, இயக்குநரைப் பாருங்கள் என்று அனுப்பினான் வசந்த்.

இயக்குநர் ஜெயப்பிரகாஷின் அலுவலகம் மணமகள் அறையில் இருந்தது. மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். சம்பத் அவர் முன்னால் நின்று, அவருடைய கண்ணைப் பிடிக்க முயன்றான். முடியவில்லை. அது போனுக்குப் போயிற்று, கதவுக்குப் போயிற்று, கண்ணாடியில் தன் தலைமுடிக்குப் போயிற்று, திரும்பப் போனுக்கு வந்தது.

"நாப்பத்தொண்ணா? கஷ்டம்தான்," என்றார். "தப்பா நெனைக்காதீங்க. என்னையும் இதே மெஷின்ல அளந்தாங்க. இருநூத்திப் பத்து! ஸ்கூல்ல படிக்கிறப்ப ஒரு பக்கத்த முழுசா படிக்க முடியாது எனக்கு. மூணாவது வரியிலயே கண்ணு அடுத்த பக்கத்துக்குப் போய்டும். வாத்தியார் அடிப்பாரு. பாவம், அவருக்கு விஞ்ஞானம் தெரியாது. இன்னிக்கு எந்த ஃபைலயும் நான் அரை நிமிஷத்துக்கு மேல பாக்கறதில்ல. கையெழுத்தப் போட்டு தள்ளிடுவேன். நிர்வாகம்னா அதுதான். ஒரே எடத்துல கண்ண வெச்சிக்கிட்டு இருக்கிறவன் எங்கயும் போக முடியாது. நீங்க இன்னா வேல பாக்குறீங்க?"

"தோல் செலக்‌ஷன் சார். ஒரே எடத்துல கண்ண வெச்சிக்கிட்டு இருக்கிற வேல."

"அதான்," என்றார் இயக்குநர், நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தவராக. 'இ' படிவத்தில் 'பரம்பரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கவலைப்படாதீங்க. நம்மகிட்ட நெடுஞ்சாலை அமர்வு இருக்கு."

நெடுஞ்சாலை அமர்வு என்பது இது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சிவப்பு அட்டை வாங்கிய பன்னிரண்டு குழந்தைகளையும் மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் பைபாஸ் ஓரமாக வரிசையாக உட்கார வைப்பார்கள். பெங்களூருப் பக்கமிருந்து லாரிகள் பாயும். குழந்தைகள் ஒவ்வொரு லாரியையும் கண்ணால் துரத்த வேண்டும். துரத்தத் துரத்த மூளை வளரும். பெற்றோர்கள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் குழந்தையிடம் பேசக்கூடாது. வேலூர் போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏதோ மறியல் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் பிள்ளையையும் சேர்க்க முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஞாயிறு, பஞ்சரான ஒரு லாரி அவர்களுக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி. தமிழினி, பாயும் லாரிகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த நின்ற லாரியையே நாற்பது நிமிடம் பார்த்தாள். டிரைவர் எப்படி ஜாக்கி வைத்தான், எந்த நட்டை முதலில் கழற்றினான், கழற்றியதை எங்கே வைத்தான் என்று அன்று மதியம் ஜோதியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அமர்வுக்குப் பின் அளந்ததில் முப்பத்தெட்டு வந்தது. அட்டையில் 'முன்னேற்றம்: மைனஸ் மூன்று' என்று அச்சாகியிருந்தது.

இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜோதிக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஆறு வருஷமா மெஷின்ல உக்காந்து தைக்கிறேன்," என்றாள் அவள், அட்டையைச் சுவரில் எறிந்து. "இப்பத்தான் லைன் லீடரா போடறேன்னு சொல்லிக்கினு கீறாங்க. ஒண்ணாந்தேதி புள்ளைய எங்க வுடறது? இடுப்புல கட்டிக்கினு தைக்கிறதா? வேலைய வுட்டுட்டு வூட்ல உக்காரதான் போறேன். அவங்களுக்கு இன்னா, தேனீ பறந்தா போதும்."

சம்பத் சொல்வதற்கு இருந்ததையெல்லாம் ஏற்கெனவே ஐந்து மனுக்களில் எழுதியிருந்தான். அன்றைக்குத்தான் அமீர் பாஷா அவர்கள் வீட்டுக்கு வந்தான்.

அமீர் பாஷா அதே டேனரியில் அளவு மெஷினில் நிற்பவன். தோலை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் எத்தனை சதுர அடி என்று அந்த மெஷின் காட்டும். அவனுடைய மகன் காஷிஃபுக்கு மூன்றரை வயது. அந்த ஒற்றைத் தங்க அட்டையை வாங்கியவன் காஷிஃப்தான்.

எட்டு மாதம் முன்பு, மையம் திறந்த வாரத்திலேயே அவனை அளந்தார்கள். அறுநூற்று நாற்பது வந்தது. நம்ப முடியாமல் திரும்ப அளந்தார்கள். பாதியில் மின்சாரம் தடுமாறித் திரை அணைந்துபோயிற்று. கேமரா மட்டும் ஓடியது. தேனீயே இல்லாத அந்த வெறுந்திரைக்கு ஐந்நூற்றெண்பது வந்தது. தேனீ எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அபூர்வக் குழந்தை என்று அறிக்கை எழுதினார்கள். இயக்குநர் ஷீல்டு கொடுத்தார். பைபாஸில் இயக்குநரின் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

உண்மை என்னவென்றால் காஷிஃபின் கண்கள் ஆடும். பிறந்த சில மாதத்திலிருந்தே, நிறுத்தாமல், இடமும் வலமுமாக, கொதிக்கிற சட்டியின் மூடி போல ஆடிக்கொண்டே இருக்கும். பொருளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பான். வாசற்படி தடுக்கி விழுவான். சம்பத் வந்தால் சட்டையிலிருக்கும் தோல் வாசனையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்வான். அமீர் பாஷா அவனை வேலூரில் கண் டாக்டரிடம் காட்ட எட்டு மாதமாக அலைகிறான். பெரிய ஆஸ்பத்திரியில் புதிய உத்தரவு வந்திருந்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் கண் சம்பந்தமான எதுவும் மையத்தின் சிவப்பு அட்டையோடுதான் வர வேண்டும். தங்க அட்டையைப் பார்த்த கவுன்ட்டர் ஊழியர் எழுந்து நின்று கைகுலுக்கி, திருப்பி அனுப்பிவிட்டார். தனியாரில் காட்டலாம் என்று போனால், அங்கிருந்தவரும் தங்க அட்டையைப் பார்த்து, அரசாங்கமே சான்று கொடுத்த கண்ணில் நான் கை வைக்க மாட்டேன் என்றார்.

"பேஜாரா கீதுபா," என்றான் அமீர் பாஷா, பாயில் உட்கார்ந்து. "ஜெயப்பிரகாஷ் சார்கிட்ட நேரா சொன்னேன். சார், என் புள்ளைக்கு கண்ணு ஆடுது சார், சிவப்பு குடுங்க சார்னு. அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? பொறாமைல நாலு பேரு நாலு சொல்லுவான், நீங்க மனசு வுடாதீங்கன்றாரு. ரெண்டு எடம் போயி குனிஞ்சி நின்னு பாத்துட்டேன். நம்ம மெஷின் அடி எவ்ளோன்னு காட்டும் சம்பத்து, அந்தத் தோலு நல்லதா ஓட்டையான்னு காட்டுமா? அதுக்குத்தான உன்ன மேசையில நிக்க வெச்சிருக்கான் மொதலாளி. இவனுங்ககிட்ட மேசையே இல்லபா."

காஷிஃப் தமிழினியின் தோல் துண்டுகளை மூக்கில் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழினி அவன் கையைப் பிடித்து, தழும்பு இருக்கும் இடத்தில் அவன் விரலை வைத்தாள்.

ஜோதி குழந்தைகள் இரண்டு பேரையும், பிறகு அப்பாக்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு அறிவு கீதா?" என்றாள். "அவரு புள்ளைக்கு சிவப்பு வேணும். நம்ம பொண்ணுக்கு பச்ச வேணும். இதுக்கு போயி ரெண்டு ஆம்பளைங்க மாசக்கணக்கா மனு எழுதிக்கினு கீறீங்களே. வர்ற சனிக்கெழம ரெண்டுத்துக்கும் மறு அளவீடு. டோக்கன மாத்திக் குடுத்தா ஆச்சு."

"ஆம்பளப் புள்ள பொம்பளப் புள்ள தெரியாதா அவங்களுக்கு?" என்றான் சம்பத்.

"மூணு தடவ போனீங்களே. ஒரு தடவையாவது எவனாவது அவ மூஞ்சியப் பாத்தானா?"

சம்பத் யோசித்துப் பார்த்தான். பார்த்ததாக நினைவில்லை.

சனிக்கிழமை சம்பத்தும் ஜோதியும் அமீர் பாஷாவும் குழந்தைகளோடு போனார்கள்.  பயத்தில் ஜோதி ஒரு தாயத்தும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பதினேழாம் நம்பர் டோக்கன் தமிழினி. அரைக்கால் சட்டையும் முழங்காலில் விழுந்த காயமுமாகக் காஷிஃப் ராஜா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். சம்பத் சுவரைப் பார்த்து நின்றான். 

"பேரு தமிழினியா?" என்றான் வசந்த், மானிட்டரிடம்.

"இல்ல, காஷிஃப்," என்றான் காஷிஃப், தெளிவாக.

சம்பத்துக்கு உயிர் போய் வந்தது. வசந்த் பொத்தானை அழுத்தினான். பேச்சு அவனுடைய மெஷினில் வராது. அறுநூற்று ஐம்பத்திரண்டு.

பதினெட்டாம் நம்பர் காஷிஃப். ரெட்டைப் பின்னலும் பாவாடையுமாகத் தமிழினி ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடியில் பழைய வெடிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்ததைக் கவனித்தாள். முப்பத்தொன்பது.

பிரின்டர் நின்றுவிட்டது. வசந்த் மண்டபமே அதிரும்படி எழுந்து மணமகள் அறைக்கு ஓடினான். பத்து நிமிடத்தில் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஜெயப்பிரகாஷ் நின்றுகொண்டிருந்தார். மூன்று கண்ணாடியிலும் நின்றுகொண்டிருந்தார். "பொண்ணு முப்பத்தெட்டுலருந்து அறுநூத்தி அம்பத்திரண்டு! நெடுஞ்சாலை அமர்வோட வெற்றி இது. நான் அப்பவே சொன்னேன்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா காஷிஃப்… அது நடக்காது. அவன் ஃபோட்டோ மேலிடம் வரைக்கும் போயிருக்கு. ஷீல்டு குடுத்திருக்கேன். அவனுக்கு நான் எப்படி சிவப்பு குடுப்பேன்? பழைய மார்க்கையே போட்டுடலாம். தங்கம் தங்கமாவே இருக்கட்டும்."

அமீர் பாஷாவின் முகம் செத்துப்போயிற்று. "சார், மெஷினே சொல்லுது சார்."

"மெஷின் தப்பு பண்ணாது பாய். பையன்தான் இன்னிக்கு தப்பு பண்ணிட்டான்."

சம்பத் ஜோதியின் கையில் இருந்ததைப் பார்த்தான். தமிழினி பெயரில் வந்த அட்டை. தங்க அட்டை தீர்ந்துபோனதால் பச்சை அட்டையில் ஜிகினாக் காகிதம் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றாம் தேதி, காப்பகம், லைன் லீடர் எல்லாம் அந்த அட்டைக்குள் இருந்தன. வாயைத் திறக்காமல் வெளியே போய்விட்டால் அவன் வீட்டுக் கஷ்டம் தீர்ந்தது. அவன் அமீர் பாஷாவைப் பார்த்தான். எந்தத் தோலையும் பார்ப்பதுபோல, கண்ணை எடுக்காமல் பார்த்தான். பார்த்த பிறகு வெளியே போக முடியவில்லை.

"சார், உண்மைய சொல்லிடறேன்," என்றான். "டோக்கன மாத்திக் குடுத்துட்டோம் சார். அந்த அறுநூத்தி அம்பத்திரண்டு என் பொண்ணு இல்ல, இந்தப் பையன். அவனுக்கு கண்ணு நிக்காது சார், அதான் அவ்ளோ வருது. என் பொண்ணு அட்டைய நீங்களே வெச்சிக்கோங்க. இவன டாக்டர்கிட்ட அனுப்புங்க. நம்பலன்னா ஒரு தடவ, ஒரே தடவ, இவன் கண்ணப் பாருங்க."

அமீர் பாஷா மகனைத் தூக்கி இயக்குநரின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். இரண்டு சின்னக் கண்கள் அவர் முன்னால் ஆடின.

இயக்குநரின் கண் போனுக்குப் போயிற்று. கதவுக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் போயிற்று. இருநூற்றுப் பத்து டிகிரி ஆயிற்றே.

"வசந்த், இவரு மனசு ஒடஞ்சி பேசறாரு, தோஸ்துக்காக," என்றார் வசந்திடம். "அட்டைல தமிழினின்னு இருக்கு. எந்தக் கொழந்தைய அளந்தோம்னு சிஸ்டத்துக்குத் தெரியும். வெளில இருந்து வந்து ஒருத்தர் இது என் பொண்ணு, இது என் பொண்ணு இல்லன்னு சொன்னா நாங்க எடுத்துக்க முடியுமா? அதுக்கு ஆதாரம் வேணாமா?"

அவனுடைய சொந்த மகள் யார் என்பதற்கு அவனிடம் ஆதாரம் இல்லை. சம்பத் நின்றான். கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று பார்த்தால் அறையில் நான்கு இயக்குநர்கள் இருந்தார்கள்.

அப்போது வசந்த் தொண்டையைச் செருமினான். "சார், ஒரு விஷயம். இந்தப் பொண்ணு தங்கத்துக்குப் போய்ட்டா சிவப்பு பதினொண்ணுதான் சார் இருக்கும். பன்னெண்டு காட்டலன்னா நெடுஞ்சாலை அமர்வ நிறுத்திடுவாங்க. ஜீப்பு அந்தக் கணக்குலதான் ஓடுது."

 ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்தார். முதல் முறையாக அவர் கண் ஓர் இடத்தில் நின்றது; ஜன்னலுக்கு வெளியே, ஜீப்பில்.

"யோசிச்சிப் பாத்தா," என்றார் கடைசியில், "திறமைய ஒரே கொழந்தைகிட்ட தேக்கி வைக்கிறது சரியில்ல. தங்கம் சுத்தி வரணும். ஒரு சிவப்பு தங்கமாச்சு, ஒரு தங்கம் சிவப்பாச்சு. மொத்தம் மாறல. மையம் நிலையா இருக்கு. இதுக்குப் பேருதான் முன்னேற்றம். வசந்த், காஷிஃபுக்கு சிவப்பு போடு. காரணம்னு கேட்டிருக்கிற எடத்துல 'பெற்றோரின் அலட்சியம்'னு போடு."

அமீர் பாஷா அந்த அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை தமிழினி காப்பகத்துக்குப் போனாள். ஹலீமா பீ அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த காஷிஃபின் படத்தையும் பார்த்துவிட்டு, தமிழினியைப் பார்த்தாள். பிறகு அட்டையை ஆணியில் குப்புற மாட்டினாள். ஜோதி மெஷினில் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை சம்பத் லீவு போட்டு அமீர் பாஷாவோடு வேலூர் போனான். தமிழினியும் கூட வருவேன் என்று அடம்பிடித்ததால் கூட்டிப் போனார்கள். கவுன்ட்டரில் சிவப்பு என்றதும் உள்ளே விட்டுவிட்டார்கள். அட்டையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வயதானவர். காஷிஃபை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். சின்ன டார்ச்சை அடித்து, ஒரு கண்ணைப் பார்த்தார், இன்னொரு கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சம்பத்துக்குத் தன் மேசை ஞாபகம் வந்தது.

"பார்வை ரொம்ப கம்மி," என்றார் கடைசியில். "தெரியாததாலதான் கண்ணு பிடிப்பு இல்லாம ஆடுது. கண்ணாடி போட்டு, பயிற்சி குடுத்து, பாப்போம். மாசா மாசம் வரணும்." பிறகு அமீர் பாஷாவிடம் திரும்பினார். "எட்டு ஒம்பது மாசம் முன்னாடியே ஏன்பா கூட்டிட்டு வரல? இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம். அப்ப வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மீட்டிருக்கலாம். இப்படி அலட்சியமா இருக்கலாமா?"

அமீர் பாஷா தலையைக் குனிந்துகொண்டான். அட்டையிலும் அதுதானே எழுதியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் காஷிஃப் அவன் மடியில் தூங்கிவிட்டான். மையத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஆள் இறங்க பஸ் நின்றது. பைபாஸில் பழைய ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டியிருந்தார்கள். 'சிவப்பிலிருந்து தங்கத்துக்கு! நெடுஞ்சாலை அமர்வு தந்த விழிவேக இளவரசி தமிழினி' என்று எழுதி, ஒரு பக்கம் கைகூப்பிய ஜெயப்பிரகாஷ், மறு பக்கம் கேமரா பிடித்த படம். படத்தில் இருந்தது காஷிஃப். தலையில் மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு கிரீடம் வைத்திருந்தார்கள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள். ஜன்னல் சீட்டில் முட்டி போட்டு நின்ற தமிழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ப்பா, காஷிஃப்," என்றாள்.

"ஆமாம்மா."

"ப்பா, இதுல காஷிஃப் கண்ணு ஆடல."

 அமீர் பாஷா தூங்குகிற மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்து, ஜன்னல் வழியாக அந்தப் பெரிய படத்தைப் பார்த்தான். அசையாமல் நேராகப் பார்க்கும் மகனின் கண்களை அவன் இப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஸ் கிளம்பி, வளைவில் திரும்பும் வரைக்கும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.